கம்பெனிக்குப் போன மல்லாட்டை

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தோம். அத்தோடு எனக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு அறுந்தது என்றுதான் ஊர் நினைத்தது. ஆனால் உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்குள் தபால்காரர் சைக்கிள் நுழைந்தால், வாத்தியார் வீட்டைத் தாண்டி, மணியக்காரர் வீட்டைத் தாண்டி, எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். அதுவும் என் பெயருக்கு. பெயருக்கு முன்னால் 'திரு' போட்டு. என்னை 'டேய்' இல்லாமல் கூப்பிட்ட முதல் ஆட்கள் சோப்புக் கம்பெனிக்காரர்கள்தான்.

விஷயம் இதுதான். பஜாரில் ஒரு பாயின் மளிகைக் கடையில் எனக்குப் பொட்டலம் கட்டும் வேலை. பொட்டலத்துக்குப் பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக எடைக்கு வாங்கிப் போடுவார். அதில் விளம்பரங்கள் வரும். 'இந்தக் கூப்பனை வெட்டி அனுப்புங்கள், மாதிரி இலவசம்' என்று ஓரத்தில் புள்ளிக்கோடு போட்டிருக்கும். புள்ளிக்கோட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

"டேய், நீ கட்ற பேப்பர் பூரா ஜன்னல் ஜன்னலா ஓட்ட கீது," என்பார் பாய். "துவரம்பருப்பு வாங்கினவன் வூட்டுக்குப் போறதுக்குள்ள வெறும் பேப்பர்தான் கையில கீது."

"போற வய்யில பருப்பு கொட்டினா, வய்யி மறக்காம நம்ம கடைக்கே திரும்பி வருவாங்க பாய்," என்பேன்.

கம்பெனி முகவரிகள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, வரைய வரும். கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைவேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தபால்காரர், "காலேஜ் படிச்சவன் எய்துறதுகூட இத்தினி தெளிவா இல்லடா," என்று சொல்லியிருக்கிறார். படித்தவன் அவசரத்தில் எழுதுவான். நான் எழுத்தை அச்சு மாறாமல் வரைந்தேன். அதனால் என் கார்டு எதுவும் வழி தவறிப் போனதே இல்லை.

தீப்பெட்டி அளவில் சோப்பு வந்தது. பல்பொடி வந்தது, தேயிலை வந்தது, தலைவலித் தைலம் வந்தது. ஒருமுறை பூட்ஸ் பாலிஷ் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் செருப்பே ஒழுங்காகக் கிடையாது. பொங்கலன்று அதைக் காளைகளின் கொம்புக்குத் தடவினேன். எல்லார் மாட்டுக்கும் நீலமும் சிவப்புமாகக் கொம்பு இருக்க, எங்கள் மாடுகள் மட்டும் போலீஸ்காரன் பூட்ஸ் மாதிரி கொம்போடு தெருவில் நடந்தன. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கெடுத்தது என் வாய்தான். எதிர்வீட்டில் ஒரு அத்தை. உறவு இல்லை, கூப்பிடுவது அப்படி. தாமலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தாமல் ஏரி மதகைத் திறந்தால் மூட ஆள் உண்டு, அவள் வாயைத் திறந்தால் கிடையாது. எனக்கு ஷாம்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கேட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அது புதுசு. ஒரு பாக்கெட்டைக் கொடுத்து, "அத்த, மொதல்ல சீயக்காய கொழகொழன்னு தேச்சுக்கோ. அலசாத. அது மேலயே இத ஊத்தித் தேய். ஒரு நாழி வெயில்ல ஒக்காரு," என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். எழுந்தபோது தலை, பனைமட்டை நார் மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. மூன்று குடம் தண்ணீருக்கும் அசையவில்லை. தெருவே சிரித்தது. மறுநாள் காலை தெருக் குழாயில் குடங்கள் வரிசையாக இருந்தபோது, அத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அது ஓசி வூடு. அவுங்க வூட்ல பல்லு வெளக்கறதே ஓசி. நாமதான் அதுல போய் வாங்கித் தேச்சோம், நமக்கு இது வோணும்."

அம்மா அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பா ரைஸ்மில்லில் நெல் அவிக்கிறவர். வீட்டில் பேச்சு குறைவு. வீட்டின் மானத்துக்கு மொத்தக் காவல் அம்மாதான். யாராவது ஒரு கொத்து கறிவேப்பிலை கொடுத்தால், பொழுது சாய்வதற்குள் இரண்டு கத்தரிக்காய் திரும்பிப் போகும். குழம்பு வந்த கிண்ணம் வெறும் கிண்ணமாகத் திரும்பியதே இல்லை. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கைப்பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுப்பாள். அப்படிப்பட்டவளைத் தெருவில் நிற்கவைத்து 'ஓசி வூடு' என்றால் எப்படி இருக்கும்? பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த நாளிலிருந்து அந்தக் குழாய்க்குப் போகவில்லை. ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கினாள்.

"சொம்மா வெளையாட்டுக்குச் சொன்னதுமா, அத வுடு," என்றேன்.

"உனக்கு வெளையாட்டு. நாளைக்கு நான் இந்தத் தெருவுல தலைநிமிந்து நடக்கணும்."

அந்தச் சமயம் பார்த்துத்தான் டப்பா வந்தது.

அதுவரை வந்ததெல்லாம் காகித உறையும் அட்டைப் பெட்டியும். இது தகர டப்பா. கைக்குள் அடங்குகிற அளவு, மூடி போட்டு, மேலே சிரிக்கிற குழந்தைப் படம். உள்ளே பாலில் கலக்கிக் குடிக்கிற சத்துமாவு. மெட்ராஸ் கம்பெனி. நான் தெருவுக்கே காட்டிவிட்டு வந்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் மூடியைத் திறந்து பார்த்து, மாவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி மூடி, மாடத்தில் வைத்தாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"பால் காச்சுமா. குடிச்சிப் பாப்போம்."

"ஏனம் திரும்பிப் போவட்டும். அப்பறம் குடிக்கலாம்."

ஏனம் என்றால் பாத்திரம். எந்தப் பாத்திரத்தைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "இன்னா ஏனம்?"

"இது ஏனம்டா. பேப்பர்ல வந்ததக் கசக்கிப் போட்டோம், சரி. இது தட்டினா சத்தம் வர்ற ஏனம். ஒருத்தர் ஏனத்த வச்சிக்கினு கம்முனு ஒக்காந்தா அதுக்குப் பேர் இன்னா? எதிர்வூட்டுக்காரி சொன்னதுதான்."

"அது எதிர்வூடு இல்லமா. கம்பெனி. அவன் இத மாதிரி லட்சம் டப்பா அனுப்பறான்."

"லட்சம் பேர் திருப்பி அனுப்பாம இருக்கட்டும். கம்பெனி வச்சிருக்கிறவன் வூட்லயும் ஒருத்தி ஏனம் எண்ணி வப்பா."

இதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. எங்கள் கொல்லையில் விளைந்த மல்லாட்டையை உடைத்து, உப்புத்தண்ணீர் தெளித்து, ஆற்றுமணலில் வறுத்து, சலித்து, டப்பா நிறையப் போட்டாள். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அது எங்கள் வீட்டுச் சரக்கு. தெருவில் வேறு யார் வறுத்தாலும் அந்தப் பதம் வராது. பழைய வேட்டித்துணியில் டப்பாவை வைத்துத் தைத்தாள். நான் முகவரியை வரைந்தேன். தபால் ஆபீசில் அரக்கு வைக்கும்போது தபால்காரர் மோந்து பார்த்து, "இன்னாடா, கம்பெனிக்கே சாம்பிள் அனுப்பறியா?" என்றார். "நல்லா இருந்தா ஆர்டர் குடுப்பாங்க," என்றேன்.

அதன் பிறகு தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மாவின் கையிலிருக்கிற வேலை நின்றுவிடும்.

ஒரு நாள் மணி எங்கள் வாசலில் அடித்தது. பார்சல் வந்திருந்தது. வேட்டித்துணி, அம்மாவின் தையல், என் எழுத்து. மேலே இங்கிலீஷில் ஏதோ கிறுக்கியிருந்தது. தபால்காரர் தயங்கினார். நான் வேறு, "படிச்சு சொல்லுண்ணா," என்றேன்.

"வாங்கிக்க மாட்டேன்னு எய்திக் கீறாங்கடா. திருப்பிட்டாங்க."

எதிர்வீட்டு வாசலில் அத்தை முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "ஐயோ பாவம், கம்பெனிக்காரனுக்குப் பல்லு இல்ல போலக் கீது," என்றாள். அவ்வளவுதான்.

நிறைந்த கிண்ணம் அப்படியே திரும்பி வருவது எங்கள் தெருவில் சாதாரணம் இல்லை. இனி உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அப்படித் திரும்பிய கிண்ணங்களால் அண்ணன் தம்பி குடும்பங்களே பேச்சை விட்டிருக்கின்றன. அம்மா தையலைப் பிரித்தாள். மல்லாட்டையை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் காக்கைக்கு இறைத்தாள். நான் ஒன்றை வாயில் போடப் போனேன். "திரும்பி வந்தது அது. இந்த வூட்ல யாரும் துன்னக் கூடாது," என்று கையைத் தட்டிவிட்டாள். டப்பாவைத் திரும்பக் கழுவினாள். கழுவியதையே கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் கேலி பண்ணாத விஷயம் ஊரில் கிடையாது. கோயில் மேளக்காரர் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் அன்றைக்கு அம்மாவின் முதுகைப் பார்த்தபோது எனக்கு ஒரு கேலியும் வாயில் வரவில்லை.

"திரும்ப வறும்மா. நானே மெட்ராஸ் போயி கையில குடுத்துட்டு வரேன்," என்றேன்.

"உன்ன நம்பியா? செங்கல்பட்டு போறதுக்குள்ள டப்பா காலியாயிடும்."

"தச்சுக் குடு. பிரிச்சா தெரிஞ்சிடும் இல்ல."

வேறு ஆள் இல்லை. வறுத்துத் தைத்துக் கொடுத்தாள். பாயிடம் லீவு சொல்லிவிட்டுக் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

மெட்ராஸில் அந்தக் கம்பெனியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நான் வரைந்த முகவரியை யாரிடம் காட்டினாலும் வழி சொன்னார்கள். கேட்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், பார்சலைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"கம்ப்ளெயிண்டா? மாவுல பூச்சியா?"

"பூச்சி இல்லண்ணா. மல்லாட்ட."

"மாவுல மல்லாட்டயா?"

அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அதில்தான் எனக்கும் ஒன்று புரிந்தது. அந்தக் கம்பெனிக்கு ஒரு டப்பா திரும்பி வந்தால் அது சண்டைக்கு வருகிறது என்று அர்த்தம். கட்டி பிடித்தது, கெட்டுப்போனது, குழந்தைக்கு வயிறு போனது என்று புகாரோடுதான் வரும். அதனால் சாம்பிள் டப்பா திரும்பி வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அவர்கள் ஊரில் திரும்பி வரும் ஏனம் சண்டை. எங்கள் ஊரில் திரும்பி வராத ஏனம் சண்டை.

கடைசியில் அவர் என்னைப் பின்பக்கமாக ஒரு கூடத்துக்கு அனுப்பினார். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து குட்டி டப்பாக்களில் மாவை அடைத்துக்கொண்டிருந்தார்கள். தலையில், புருவத்தில், எல்லாம் மாவு. பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வை, கண்ணாடி போட்ட ஒரு அம்மா. "என்னப்பா பிரச்சனை?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், எதிர்வீட்டு அத்தை, ஏனம், காக்கைக்கு இறைத்தது. இடையில் கொஞ்சம் நடித்தும் காட்டினேன். வரிசையில் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. கண்ணாடி அம்மா கத்தரிக்கோலால் தையலைப் பிரித்து, டப்பாவை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தார். வறுத்த வாசனை வந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தார். தின்றார். பிறகு ஒரு பிடி எடுத்துக்கொண்டு டப்பாவை வரிசைக்குக் கொடுத்தார்.

"எங்க மதுராந்தகம் பக்கமும் இப்டித்தான்," என்றாள் கடைசியில் இருந்த ஒருத்தி. "வெறும் ஏனம் குடுத்தா எங்க மாமியா ஒரு வாரம் பேச மாட்டாங்க."

டப்பா வரிசையின் கடைசிக்குப் போகும்போது காலி. அவள் அதைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள். கண்ணாடி அம்மா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்போதுதான் உப்பைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

"சேர்ந்ததுன்னு அம்மாகிட்ட சொல்லுப்பா," என்றார். பிறகு கை நிறையப் புது டப்பாக்களை எடுத்து நீட்டினார்.

இலவசமாக எது கொடுத்தாலும் இரண்டு கையையும் நீட்டுகிறவன் நான். கார்டு எழுதாமல், கூப்பன் வெட்டாமல், நேராகக் கைக்கு வருகிறது. என் கை பாதி தூரம் போய் நின்றது.

"வேணாங்கம்மா," என்றேன். "இத்தினி டப்பாவுக்கும் மல்லாட்ட வறுத்தா எங்க வூட்ல வெதைக்கு ஒண்ணும் மிஞ்சாது."

கூடமே சிரித்தது. நான் வெறுங்கையோடு, ராஜா மாதிரி வெளியே வந்தேன். எத்தனையோ இலவசம் வாங்கியிருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னது அது ஒன்றுதான். வாங்கியதில் எதற்கும் அவ்வளவு பெருமை இல்லை.

அந்தப் பெருமை உத்திரமேரூர் வரைதான் தாங்கியது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். முகத்தைத் தூக்கவே இல்லை. அத்தை தன் வாசலிலிருந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இவன் மெட்ராஸ் போனானா? செங்கல்பட்டுல சினிமா கொட்டாய்ல ஒக்காந்து மல்லாட்டயத் துன்னுட்டு வந்து கத சொல்லிக்கினு கீறான்."

நான் பொய் சொன்னபோதெல்லாம் ஊர் நம்பியது. சீயக்காய் மேல் ஷாம்பு தேய்த்தது. உண்மையைச் சொன்ன அன்றைக்கு ஒருத்தரும் நம்பவில்லை. அந்தப் புது டப்பாக்களை வாங்கி வந்திருந்தால் சாட்சியாகவாவது இருந்திருக்கும்.

"சத்தியமாம்மா. வரிசையா ஒக்காந்து துன்னாங்க. அமிர்தம்னாங்க. இந்த மாதிரி பதம் மெட்ராஸ்லயே இல்லன்னாங்க. உங்க அம்மாவ இங்க வேலைக்குக் கூட்டிக்கினு வான்னு..." சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. எனக்கே என் குரல் பொய் மாதிரி கேட்டது.

"போதும் வுடு," என்றாள் அம்மா மெதுவாக. "நீ போவல."

வேறு வழி இல்லை. "ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்," என்றேன். "கண்ணாடி போட்ட அம்மா ஒரு பிடி துன்னுட்டுத் தண்ணி கேட்டாங்க. உப்பு கொஞ்சம் தூக்கலா கீதுன்னாங்க."

அரிசிக்குள் அம்மாவின் கை நின்றது.

"தோ பாரு," என்றாள் அத்தை, "துன்னவனுக்குத்தான உப்பு தெரியும். மாட்டிக்கினான்."

அம்மா எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். குழாயடிக்குப் பிறகு அவளை நேருக்கு நேர் பார்ப்பது அப்போதுதான்.

"உப்புத்தண்ணிய நான் ரெண்டு தபா தெளிச்சுட்டேன். மனசு ஒரு எடத்துல இல்ல. தச்சு முடிச்ச அப்பறந்தான் ஞாபகம் வந்துது, பஸ்ஸு போயிடும்னு கம்முனு இருந்துட்டேன். இவன் மட்டும் அத துன்னிருந்தா, வாசப்படிய மிதிக்கறதுக்கு முன்னாடி தெருமுனையிலேர்ந்தே கத்தியிருப்பான், 'இன்னாம்மா உப்பு மூட்டயத் தச்சு அனுப்பிட்ட'ன்னு. இவன் வாயி அத்தினி நேரம் தாங்குமா? வேற யாரோ சொல்லியிருக்காங்க. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு இவன் முழுங்கிக் கீறான்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் வாயை அவளை விடத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? அவள் தலைமுடி அதற்குச் சாட்சி. "அதுவும் நெசந்தான்," என்றாள்.

"உப்பு தூக்கலா இருந்தும் காலி பண்ணாங்களாடா?" என்று கேட்டாள் அம்மா.

"டப்பாவ கவுத்துக் காட்டினாங்க."

அவள் சிரிக்கவில்லை. மாடத்திலிருந்து பாட்டிலை எடுத்தாள். பால் காய்ச்சினாள். அத்தனை நாள் யாரையும் தொடவிடாத மாவைக் கலக்கி, முதல் டம்ளரை அத்தையிடம் நீட்டினாள். அத்தை வாங்கினாள், நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தாள். நாக்கால் உதட்டைத் துழாவினாள். எனக்கு மூன்றாவது டம்ளர்தான் வந்தது. வாங்கி வந்தவன், கொண்டுபோய்க் கொடுத்தவன், அவனுக்கு மூன்றாவது டம்ளர். ஆனாலும் கால்மேல் கால் போட்டுக்கொண்டுதான் குடித்தேன்.

அத்தை டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்:

"டேய், எங்க வூட்டுப் பேருக்கும் ஒரு கார்டு எய்திப் போடேன். டப்பாவுல வர்ற மாதிரி பாத்து."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மொதல்ல வூட்ல மல்லாட்ட கீதான்னு கேட்டுக்கோடா."